அறுபது வயது ஸ்டார் டிரெக்: இனி எப்படி எடுக்க வேண்டும்?

ஜார்ஜ்டவுன் வாசி:

விண்வெளிக் கப்பல் குழுக்களின் கதைகளைச் சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் வரிசையான ஸ்டார் டிரெக்குக்கு 2026 செப்டம்பர் 8ஆம் தேதி 60 வயது நிறைகிறது. 2025 ஆகஸ்டில் அதைத் தயாரிக்கும் பாராமவுண்ட் நிறுவனம் ஸ்கைடான்ஸின் கைக்குப் போனது. அந்த வரிசையில் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' என்ற தொடர் ஐந்தாவது சீசனோடு முடிகிறது. அந்தக் கடைசி சீசனுக்கு ஆறே எபிசோடுகள். 'ஸ்டார்ஃப்ளீட் அகாடமி' 2026 ஜனவரியில் தொடங்கியது. புது முதலாளிகள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று யோசிக்கும் நேரத்தில் என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

கதை சரியில்லை, நடிப்பு சரியில்லை என்று பலர் குறைபடுகிறார்கள். எனக்குத் தெரிந்து நோய் வேறு இடத்தில் இருக்கிறது. 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987 முதல் 1994 வரை ஏழு ஆண்டுகளில் 178 எபிசோடுகள் தந்தது. 'டிஸ்கவரி' 2017 முதல் 2024 வரை, அதே ஏழு ஆண்டுகளில், 65 தந்தது. மூன்றில் ஒரு பங்குகூட நெருக்கிப் பிடித்துத்தான் வருகிறது.

'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில் வந்த ஓ'பிரையனை நினைத்துப் பாருங்கள். 1987இல் முதல் கதையில் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. ஓர் இருக்கையில் உட்கார்ந்து கப்பலை ஓட்டுகிறார், அவ்வளவுதான். பிறகு, ஆள்களை ஒளியாக்கி வேறிடத்துக்கு அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் அறையில் நின்று பொத்தான்களை நகர்த்துகிறார். எப்போதோ ஒரு பெயர் வருகிறது. 1991 தொடக்கத்தில் கெய்கோவுடன் திருமணம். மணப்பெண் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லி, பிறகு மனம் மாறுகிறாள். அதே ஆண்டு கப்பல் பழுதாகி நிற்கும்போது, உணவுக்கூடத்தில், சக அதிகாரி வோர்ஃப் பிரசவம் பார்க்க, அவர்களுக்கு மகள் பிறக்கிறாள். அந்தக் குடும்பம் 'டீப் ஸ்பேஸ் நைன்' நிலையத்துக்குக் குடிபெயர்ந்து இன்னும் ஏழு சீசன் வாழ்ந்தது. யாரும் திட்டமிட்டு உருவாக்கிய பாத்திரம் அல்ல. இடம் இருந்தது, வளர்ந்தார்.

இப்போது 'டிஸ்கவரி'யின் ஏரியமை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி இயந்திரமாக மாறிப்போன ஒரு பெண் முதல் சீசன் முழுவதும் கப்பலின் கட்டளை அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் யார், எப்படி அப்படி ஆனாள், கணவன் எப்படி இறந்தான் என்பதெல்லாம் இரண்டாம் சீசனில் ஒரே எபிசோடில் தெரியவருகிறது. அந்த எபிசோடின் முடிவில் அவள் இறந்துவிடுகிறாள். அவளுக்காக அழ வேண்டும் என்று தொடர் எதிர்பார்த்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த நடிகைக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் செய்த அநீதி அது.

---

செந்தூல் வாசகர்:

அண்ணா, ஓ'பிரையன் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை ஏற்கமாட்டேன். 1989இல் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இரண்டாம் சீசன் எப்படி முடிந்தது? காசும் நேரமும் தீர்ந்துபோய், துணைக் கேப்டன் ரைக்கரைப் படுக்கையில் கிடத்தி, பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி ஒரு எபிசோடு என்று காட்டினார்கள். முந்தைய ஆண்டின் எழுத்தாளர் வேலைநிறுத்தமும் அதற்கு ஒரு காரணம் என்பது தெரியும். இருந்தாலும் ஆண்டுக்கு 26 என்று ஒப்புக்கொண்டுவிட்டால் இப்படிப்பட்ட பள்ளங்கள் வரத்தான் செய்யும். 1987இலிருந்து 2005 வரை 18 ஆண்டுகள் இடைவிடாமல் எடுத்துத் தள்ளியதில் 'என்டர்பிரைஸ்' தொடர் வந்தபோது எழுதுபவர்களும் களைத்திருந்தார்கள், பார்ப்பவர்களும் களைத்திருந்தார்கள்.

'லோயர் டெக்ஸ்' கார்ட்டூன் தொடர் மொத்தமே 50 எபிசோடுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். மாரினர், பாய்ம்லர், டென்டி, ரதர்ஃபர்ட் நால்வரையும் நமக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் போலத் தெரியும். அளவு அல்ல, கவனம்.

என்னைக் கேட்டால் உண்மையான நோய், பின்னால் திரும்பிப் பார்ப்பது. 'பிகார்ட்' தொடரின் மூன்றாம் சீசன் 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னின் பழைய குழுவை மொத்தமாகக் கூட்டிவந்தது. பார்க்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பார்த்து முடித்த பிறகு கையில் புதிதாக என்ன மிஞ்சியது? 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' இன்னொரு முன்கதை. முதல் தொடரிலும் வருகிற ஸ்பாக் சாகமாட்டார், உஹுரா சாகமாட்டார் என்பது 1966இலேயே முடிவான விஷயம். முன்னோக்கிப் போங்கள் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் மாணவி:

செந்தூல் அண்ணா, யார் சாகமாட்டார் என்று தெரிந்தால் கதையில் சுவை போய்விடுமா? அதே 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரின் பைக் கேப்டனைப் பாருங்கள். கதிர்வீச்சில் உடல் கருகி, பேச முடியாமல், நாற்காலிக்குள் அடைபட்டுத்தான் தன் வாழ்க்கை முடியும் என்பது அவருக்கே தெரியும். 1966இல் நாம் பார்த்த அதே நாற்காலி. முதல் சீசனின் கடைசி எபிசோடில் அதிலிருந்து தப்பிக்கும் வழி அவர் கண்முன்னே திறக்கிறது. தப்பித்தால் ரோமுலன்கள் என்ற எதிரி இனத்தோடு போர் மூளும், ஸ்பாக் நொறுங்கிப்போவார் என்று பார்த்த பிறகு, அந்த நாற்காலியையே தேர்ந்தெடுக்கிறார். முடிவு தெரிந்திருப்பதால்தான் அவர் ஒவ்வொரு நாளும் சமையலறையில் நின்று தன் குழுவினருக்குத் தன் கையால் சமைத்துப் போடுவது என்னை அவ்வளவு தொட்டது.

நான் வேறொரு வருத்தத்தைச் சொல்ல வந்தேன். நம் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ, 2017 செப்டம்பரில் 'டிஸ்கவரி'யில், கதையின் விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் ஒரு கேப்டனாக வந்தார். கதைப்படி கேப்டன் ஜார்ஜியோவின் சொந்த ஊர் லங்காவி. தன் மலேசிய உச்சரிப்பை மாற்றாமலேயே பேசினார். முதல் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். பாலைவனம், புயல் வருகிறது, கப்பலோடு தொடர்பு இல்லை. ஜார்ஜியோ தன் துணை அதிகாரி பர்ன்ஹமை அழைத்துக்கொண்டு மணலில் நடந்துகொண்டே இருக்கிறார். ஏன் நடக்கிறோம் என்று பர்ன்ஹமுக்குப் புரிவதில்லை. கேமரா மேலே உயர்கிறது: அவர்களுடைய காலடித் தடங்கள் ஸ்டார்ஃப்ளீட் சின்னமாக மணலில் பதிந்திருக்கின்றன. மேகத்தைப் பிளந்துகொண்டு கப்பல் இறங்குகிறது. நான் அப்போது பள்ளி மாணவி. நம்மைப் போலப் பேசுகிற ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று என் தோழிகளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

இரண்டாவது எபிசோடில் அவரைக் கொன்றுவிட்டார்கள். பிறகு இன்னோர் உலகத்தின் கொடுங்கோல் பேரரசியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியில் 'செக்‌ஷன் 31' படத்தையும் அந்தப் பேரரசியை வைத்தே எடுத்தார்கள். 2023இல் ஆஸ்கர் வாங்கிய நடிகை கையில் இருக்கும்போது எடுத்த படமா அது? பேரரசி வேண்டாம். அந்தக் கேப்டன்தான் வேண்டும். ஜார்ஜியோவின் இளமைக் காலத்தை, அவர் ஷென்ஜோ கப்பலைக் கையில் எடுத்த ஆண்டுகளை, ஒரு தொடராக எடுத்தால் நான் முதல் ஆளாக உட்காருவேன். முன்கதைதான். பரவாயில்லை.

---

பினாங்கு ரோடு பழைய ரசிகர்:

பிள்ளைகள் இவ்வளவு ஆர்வமாகப் பேசுவதைப் பார்க்க நிறைவாக இருக்கிறது. நான் வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்து ஆள்.

காசைப் பற்றி ஒன்று. டிரான்ஸ்போர்ட்டர் என்ற கருவி ஏன் வந்தது தெரியுமா? ஒவ்வொரு வாரமும் கப்பல் ஒரு கிரகத்தில் இறங்குவதைப் படமாக்க 1960களில் அவர்களிடம் பணம் இல்லை. மனிதர்களை ஒளியாகக் கரைத்துக் கீழே அனுப்பிவிட்டால் செலவு மிச்சம். இன்று அந்த ஒளி இல்லாமல் ஸ்டார் டிரெக்கையே நினைக்க முடியவில்லை. இன்றைய தொடர்களில் ஒவ்வொரு எபிசோடும் சினிமா மாதிரி மின்னுகிறது. அந்த மினுமினுப்பைக் கொஞ்சம் குறைத்து, ஒரே அறையில் நான்கு பேர் உட்கார்ந்து வாதாடும் எபிசோடுகளை அதிகம் எடுத்தால், ஜார்ஜ்டவுன் தம்பி கேட்கிற எண்ணிக்கையும் கிடைக்கும்.

முதல் தொடரை 1968இல் நிறுத்தப் பார்த்தபோது ரசிகர்கள் கடிதம் எழுதிக் காப்பாற்றினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் மூன்றாவது சீசனை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள். 1969இல் 79 எபிசோடுகளோடு கதை முடிந்தது. அதன் பிறகு மறுஒளிபரப்பில்தான் உலகம் அதைக் கண்டுபிடித்தது. எந்த வீட்டிலும், எந்த நேரத்திலும், சும்மா திருப்பினால் கிடைத்தது. அதனால்தான் பரவியது.

இன்று நம் ஊரில் என்ன நிலை? ஒன்று ஒரு சேவையில், இன்னொன்று வேறு சேவையில், மற்றொன்று எங்குமே இல்லை. 2021 நவம்பரில் 'டிஸ்கவரி' நான்காம் சீசனுக்குச் சில நாள்களே இருந்தபோது, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே இருந்த ரசிகர்களின் திரையிலிருந்து அந்தத் தொடரையே எடுத்துவிட்டார்கள். நான் சந்தா கட்டியிருந்தேன். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. எத்தனை எபிசோடு எடுத்தால் என்ன, எந்த நூற்றாண்டில் எடுத்தால் என்ன, பினாங்கில் இருப்பவன் நேர்வழியில் பார்க்க முடியாவிட்டால்? புது முதலாளிகள் முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான்.

---

பட்டர்வொர்த் அம்மா:

'புரொடிஜி'யை இதுவரை யாரும் குறிப்பிடவில்லை. சிறுவர் கார்ட்டூன் என்று ஒதுக்கிவிட்டீர்களா?

தார்ஸ் லமோரா என்ற சுரங்கச் சிறையில் பல கிரகத்துப் பிள்ளைகள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், புரிந்துவிட்டால் ஒன்றுசேர்ந்துவிடுவார்களே. டால் என்ற பையன் மலை மாதிரி இருக்கும் ஒரு பாறை உருவத்தைப் பார்த்து நடுங்குகிறான். அது உறுமுகிறது, கர்ஜிக்கிறது. புதைந்து கிடந்த புரோட்டோஸ்டார் கப்பலுக்குள் போனதும் மொழிபெயர்ப்புக் கருவி வேலை செய்யத் தொடங்குகிறது. அந்தப் பாறையிலிருந்து எட்டு வயதுச் சிறுமியின் குரல் வருகிறது. ரொக்-தாக் என்பது அவள் பெயர். இவ்வளவு நாளும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

என் மகள் படிப்பது மலாய், சீனப் பிள்ளைகளோடு. அந்தக் காட்சியை நிறுத்தி, மறுபடி போடச் சொன்னாள். பிறகு மறுபடியும். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கங்காணிகள் ஆள்களை எப்படிப் பிரித்து வைத்தார்கள் என்று அவர் சொன்ன கதைகள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. அறுபது ஆண்டு ஸ்டார் டிரெக்கில் இதைவிட நேராக மனத்தைத் தைத்த காட்சிகள் எனக்கு அதிகம் இல்லை.

2023இல் பாராமவுண்ட் தன் தளத்திலிருந்தே இந்தத் தொடரை எடுத்துவிட்டது. இரண்டாம் சீசன் பாதி வேலையில் இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் எடுத்துக்கொண்டதால் 2024 ஜூலையில் அது வெளிவந்தது. அதோடு நின்றுவிட்டது. மூன்றாம் சீசன் இல்லை. எதிர்காலம் எதிர்காலம் என்று பேசுகிறோம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு என்று ஒரு தொடர்கூட எடுக்காமல் எந்த எதிர்காலம்? இன்னொன்று, ஜார்ஜ்டவுன் அண்ணா: 'புரொடிஜி'க்குச் சீசனுக்கு 20 எபிசோடுகள். அந்தக் கப்பலில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கதை கிடைத்தது.

---

பங்சார் படத்தொகுப்பாளர்:

புதிதாக எடுப்பதற்கு முன்னால் இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இது என் தொழில், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்', 'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்' மூன்றையும் 35 மி.மீ. பிலிமில்தான் எடுத்தார்கள். ஆனால் படத்தொகுப்பை வீடியோ டேப்பில் செய்தார்கள். அதனால் முடிந்த எபிசோடு என்பது பழைய தொலைக்காட்சியின் தரத்தில்தான் இருக்கிறது. 2012 முதல் 2014 வரை 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னுக்கு மட்டும் பெரிய வேலை நடந்தது. மூல பிலிம் சுருள்களைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எபிசோடையும் ஷாட் ஷாட்டாக மறுபடி தொகுத்து, விண்கலக் காட்சிகளை மறுபடி ஒன்றுசேர்த்தார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், கேப்டன் பிகார்டின் சீருடைத் துணியின் நெசவுகூடத் தெரிகிறது. ப்ளூ-ரே விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்பதால் மற்ற இரண்டு தொடர்களையும் தொடவில்லை. அவற்றில் பிற்காலக் கணினி வரைகலைக் காட்சிகள் அதிகம். அவற்றைப் புதிதாகவே உருவாக்க வேண்டியிருக்கும்.

'டீப் ஸ்பேஸ் நை'னில் 1998இல் வந்த 'ஃபார் பியாண்ட் த ஸ்டார்ஸ்' எபிசோடை நினைத்துப் பாருங்கள். கேப்டன் சிஸ்கோவாக நடித்த ஏவரி புரூக்ஸ் அவரே இயக்கியது. 1950களின் நியூயார்க்கில் பென்னி என்ற கறுப்பின எழுத்தாளர் ஒரு விண்வெளி நிலையத்தைப் பற்றிக் கதை எழுதுகிறார். கதையின் கேப்டன் கறுப்பர் என்பதற்காகவே பத்திரிகை முதலாளி அந்த இதழையே அழித்துவிடுகிறார். பென்னி உடைந்து அழும் அந்த நெருக்கக் காட்சியில் புரூக்ஸின் முகம் முழுவதும் நீரும் நடுக்கமும். இன்றைய பெரிய திரையில் போட்டால் அந்த முகம் மங்கலாகத் தெரிகிறது. பிலிமில் அது துல்லியமாக இருக்கிறது, கிடங்கில் கிடக்கிறது. ஒரு புதிய சீசனுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க வேண்டும்.

---

ஜார்ஜ்டவுன் வாசி:

பட்டர்வொர்த் தங்கையும் பங்சார் நண்பரும் சொன்னதற்கு மறுபேச்சே இல்லை.

செந்தூல் தம்பிக்கு: நான் 26 கேட்கவில்லை. 16 போதும், 'புரொடிஜி' மாதிரி 20 என்றால் இன்னும் நல்லது. எண்ணிக்கைக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்றால், எழுதுபவர்களுக்காக. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மூன்றாம் சீசனில் மைக்கேல் பில்லர் கதைக்குழுவுக்குத் தலைமை ஏற்றபோது, வெளியாள்கள் யார் கதை அனுப்பினாலும் படிப்போம் என்று கதவைத் திறந்துவிட்டார். ரொனால்ட் மூர் படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்கப் போனவர். கையோடு ஒரு திரைக்கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது 1989இல் 'தி பாண்டிங்' ஆனது. அவர் குழுவிலேயே சேர்ந்து, 'டீப் ஸ்பேஸ் நைன்' வரை எழுதி, பிறகு 2003இல் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற வேறொரு விண்வெளித் தொடரை மறுபடி உருவாக்கினார். அதற்கும் முன்பு, டேட்டா என்ற இயந்திர மனிதன் ஒரு பொருளா, உரிமையுள்ள உயிரா என்று வழக்கு நடக்கும் எபிசோடை எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ், வழக்கறிஞராக இருந்தவர். அந்த நீதிமன்றக் காட்சிகளின் கூர்மை அங்கிருந்து வந்தது.

26 இடம் நிரப்ப வேண்டியிருந்ததால் புதியவர்களைத் தேடினார்கள். பத்து இடம் மட்டுமே இருந்தால் யாரும் தேடமாட்டார்கள். பள்ளம் விழுந்த எபிசோடுகள் உண்டுதான். அவற்றில்தான் அடுத்த எழுத்தாளர்கள் கைபழகினார்கள்.

---

செந்தூல் வாசகர்:

16 என்றால் பேசலாம் அண்ணா. கதவைத் திறக்க வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடே இல்லை.

ஆனால் எங்கே வைத்து எழுதுவது என்பதில் என் பிடிவாதத்தை விடமாட்டேன். 'டிஸ்கவரி' மூன்றாம் சீசனில் 32ஆம் நூற்றாண்டுக்குத் தாவியதே, அதுதான் இந்தத் தொடர்கள் சமீபத்தில் செய்த மிகத் துணிச்சலான காரியம். கப்பல் எஞ்சினுக்கு வேண்டிய டைலித்தியம் படிகம் ஒரே நொடியில் செயலிழந்து கப்பல்கள் வெடித்துச் சிதறியிருக்கின்றன. 350 உலகங்கள் இருந்த கூட்டமைப்பில் 38 மட்டுமே மிச்சம். பூமியே வெளியேறிவிட்டது! 'அகாடமி' அங்கேதான் நடக்கிறது: நூறு ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்த பள்ளிக்கு வந்து சேரும் முதல் மாணவர்கள்.

கூட்டமைப்பு என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 1963இல் மலேசியா உருவானதும், 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் தனியே போனதும் எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படும் கதைகள். தாத்தாவின் தம்பி குடும்பம் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஏன் சேர வேண்டும், சேர்ந்தால் எங்கள் மொழி என்னவாகும், எங்கள் வரிப்பணம் எங்கே போகும், பெரிய உலகங்கள் எங்களை மதிக்குமா? விலகி நிற்கும் ஒரு சிறிய கிரகம் கேட்கும் கேள்விகள் இவை. இதுவரை எல்லாத் தொடர்களும் தலைமையகத்தின் பக்கத்திலிருந்தே கதை சொல்லியிருக்கின்றன. ஒரே ஒரு தொடரை அந்தச் சிறிய கிரகத்தில் வைத்து எடுக்கட்டும். ஸ்டார்ஃப்ளீட் கப்பல் வானத்தில் வந்து நிற்கிறது. கீழே இருப்பவர்கள் அதை வரவேற்பதா, சந்தேகப்படுவதா என்று சண்டை போடுகிறார்கள். ஸ்பாக் வேண்டாம், கிர்க் வேண்டாம். இதற்கு 16 அல்ல, 20கூடக் கொடுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் மாணவி:

அந்தக் கிரகத்துத் தலைவியாக மிஷெல் யோவைப் போடலாம். அப்படியென்றால் முன்கதையை விட்டுக்கொடுக்கிறேன்.

---

புதிய வாசகர், செபராங் ஜெயா:

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது சொல்வீர்களா?

---

பினாங்கு ரோடு பழைய ரசிகர்:

வாருங்கள் தம்பி. முதல் தொடரின் முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்க்கிறேன் என்று மட்டும் உட்காராதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். 1966இல் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' ஒன்றை முதலில் பாருங்கள். இரண்டு கப்பல், இரண்டு கேப்டன், ஒருவரையொருவர் நேரில் சந்திக்காமலே வேட்டையாடுகிறார்கள். அடுத்து ஜார்ஜ்டவுன் தம்பி சொன்ன டேட்டாவின் வழக்கு. அதன் பெயர் 'தி மெஷர் ஆஃப் எ மேன்'. இரண்டும் பிடித்தால் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மூன்றாம் சீசனிலிருந்து தொடர்ந்து போங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் 'புரொடிஜி'யை அவர்களோடு சேர்ந்து பாருங்கள். 'டீப் ஸ்பேஸ் நைன்' கடைசியில்; படம் மங்கலாக இருக்கும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.